என் முதல் வேண்டுதல் பட்டுக்காக

என் வீடு எரிந்துகொண்டிருந்தபோது நான் காமாட்சி அம்மனிடம் முதலில் கேட்டது என் குழந்தையைக் காப்பாற்றச் சொல்லி அல்ல. பக்கத்து வீட்டுக்காரரின் பட்டுப் பாவு நூலைக் காப்பாற்றச் சொல்லி. அம்மனை நம்பிக் கூடியிருக்கும் உங்களிடம் இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் அது சாட்சி ஆகாது. அதனால் வெட்கத்தை விட்டு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகள் முடியும் தறுவாயில் ஒரு பங்குனி வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணி இருக்கும். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்க நெசவாளர் வீடுகள், பாதிக்கு மேல் கூரை வீடுகள். என் கணவர் அன்று வாலாஜாபாத் போயிருந்தார். நாலு வயது மகள் செல்வி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் நாத்தனார் கமலா இருந்தாள்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டுக் கண்ணையன் அண்ணனின் பாவு தெருவில் போட்டிருந்தது. சேலைக்கு நீளவாட்டில் ஓடும் நூலைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காய வைப்போம். ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே வந்து கை கொடுக்கும். கயிறு கட்டி முடியும் வரை முனைக்கழியை ஒருவர் விறைப்பாகப் பிடித்திருக்க வேண்டும். பிடி விட்டால் ஆயிரக்கணக்கான இழையும் சிக்கு. அன்று கழி என் கையில்.

கஞ்சி காய்ச்சிய அடுப்பிலிருந்து பொறி பறந்து ஒரு கூரையில் விழுந்தது. பங்குனிக் காற்று வேறு. "நெருப்பு, நெருப்பு" என்று யாரோ கத்தினார்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் மூன்றாவது கூரை பிடித்துவிட்டது. அடுத்தது என் வீடு.

நான் கழியை விடவில்லை! கமலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். பத்து வயதிலிருந்து பழகிய கை, பிடித்தது பிடித்தபடி நின்றது. "அம்மா காமாட்சி, இந்தப் பாவை மட்டும் காப்பாத்து" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அப்போது எதிர்வீட்டு ஏகாம்பரம் ஓடி வந்தான். அவனும் நெசவாளிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தெருவிலிருந்த தீயணைப்பு நிலையத்தில் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு அங்கே போவான். 'கலெக்டர் வராரு, வழி விடுங்க' என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அதில் என் குரல்தான் பெரிது.

"அக்கா, கழிய விடு! ஃபயர் வண்டி தெருமுனைக்கு வந்துடுச்சு. பாவு வழிய மறிச்சிக்கினு இருக்குது."

"யாரு பாவுன்னு தெரிஞ்சி பேசுறியா? விட்டா எல்லாம் சிக்கிப் போயிடும்பா!"

அவன் கொடுவாளை எடுத்து ஒரே வீச்சில் பாவை வெட்டினான். எங்கள் தெருவில் போட்ட பாவை யாரும் தாண்டக்கூட மாட்டோம். நான் அவனைச் சொல்லக்கூடாத வார்த்தையால் திட்டினேன். அறுந்த பட்டின் மேலேயே தீயணைப்பு வண்டி ஏறி வந்தது.

கமலா இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தாள். அவள் கையில் குழந்தை இல்லை.

"செல்வி உன்கிட்ட வரலியா அண்ணி? பாயில காணோமே! உங்கிட்டதான் ஓடியாந்துட்டான்னு நெனச்சேன்."

குழந்தை உள்ளே இருக்கிறாள் என்று வண்டிக்காரர்களைப் பார்த்து அலறினேன். ஒரு தீயணைப்பு வீரர் நனைந்த துணியை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். கூரை வெடிக்கும் சத்தத்துக்கு நடுவே நான் செல்வி, செல்வி என்று கத்தினேன். அவர் தனியாகத்தான் திரும்பி வந்தார்.

"மூலை மூலையா தேடிட்டேம்மா. உள்ள யாரும் இல்ல."

மண்ணில் விழுந்தேன். அப்போதுதான் இரண்டாவது வேண்டுதல். அதில் வார்த்தையே கிடையாது. அம்மா, அம்மா என்பது மட்டுந்தான்.

ஏகாம்பரம் அந்த வீரரின் தோளைப் பிடித்தான். "சார், தறிக்குழிய பாத்தீங்களா?"

"என்ன குழி?"

அவர் வெளியூர்க்காரர், மாற்றலாகி வந்து ஒரு வாரந்தான். தறிக்குக் கீழே கால் மிதிக்க ஒரு குழி இருக்கும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? எனக்கோ அது நாள் முழுக்கக் கால் வைத்திருக்கும் குழி. ஆனாலும் தோன்றவில்லை. அதில் இறங்கக் கூடாது என்று செல்வியை நானே அடித்திருக்கிறேன்.

"எங்க வீட்டுப் பசங்க பயந்தா அங்கதான் சார் போய் ஒளியும். வாங்க, நா காட்டுறேன்."

ஏகாம்பரம் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டான். பின்னால் அந்த வீரர் குழாயைப் பிடித்துத் தண்ணீரை அடித்தபடியே போனார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கூரையின் பின்பாதி சரிந்து விழுந்தது. கமலா என்னை இழுத்துப் பிடித்திருந்தாள்.

பிறகு சாக்கு ஒன்று புகைக்குள்ளிருந்து வெளியே வந்தது. அதற்குள் என் மகள். கண் திறக்கவில்லை, மூச்சும் தெரியவில்லை. ஏகாம்பரம் அவளைத் தரையில் கிடத்தி, பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி வாயோடு வாய் வைத்து ஊதினான். ஒரு முறை, இரண்டு முறை. ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ, செல்வி இருமினாள். உடனே வீறிட்டு அழுதாள். 

அவளைத் தீயணைப்பு நிலைய ஜீப்பில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புகை குடித்ததால் மூன்று நாள் வைத்திருந்தார்கள். கண்ணையன் அண்ணன் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். பாவைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ஏகாம்பரத்தின் காலைத் தொடப் போனேன். பதறிவிட்டான். "இன்னாக்கா இது? குழி இருக்கிற எடம் எனக்குத் தெரியும், சொன்னேன். அவுரு தண்ணி அடிக்கலன்னா நா எங்க உள்ள போறது?" என்றான்.

காப்பாற்றியது அம்மனா, பயிற்சியா என்று சிலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இதில் குழப்பமே இல்லை. தண்ணீரும் வண்டியும் அரசாங்கத்திடம் இருந்தன. குழந்தை எங்கே ஒளியும் என்ற விவரம் எங்கள் தெருக்காரனிடம் இருந்தது. இரண்டையும் ஒரே நிமிஷத்தில் என் வாசலில் சேர்த்து வைத்தவள் அம்மன். பட்டுக்காக நான் கேட்டதை அவள் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் வண்டி தெருமுனையிலேயே நின்றிருக்கும்.

அடுத்த மாதம் நானும் தீயணைப்புத் தொண்டராகப் பெயர் கொடுத்தேன். "பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டவர்களுக்கு என் வாய் பதில் சொன்னது, அது சும்மா இருக்கிற வாய் அல்ல. வீடு வீடாகப் போய் எத்தனை குழந்தைகள், யார் எங்கே படுப்பது என்று கேட்டு, எழுதி, தீயணைப்பு நிலையத்தில் கொடுத்தேன். ஒருத்தி, "எங்க ஊட்டுக் கணக்கு உனுக்கு எதுக்கு?" என்று முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள். மறுநாளும் போய் நின்றேன். மூன்றாம் நாள் உள்ளே கூப்பிட்டாள்.

உங்கள் வீட்டு வாசலுக்கும் யாராவது அப்படி வந்து நிற்கலாம். கதவைத் திறந்து உட்கார வையுங்கள். அம்மனைக் கூப்பிட்டுவிட்டு அவள் எந்த உருவத்தில் வருவாள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள். என் மகளிடம் அவள் சாக்கைப் போர்த்திக்கொண்டுதான் போனாள்.