உடுமலைக் குளத்தில் அக்காவுடன் தூண்டில் போட்ட ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். மீன் என்றால் எல்லாரும் அளவைக் கூட்டித்தான் சொல்வார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அங்கேயே விடுதி. திருப்பூர் ராயபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம்தான். ஆனாலும் பொங்கலுக்குப் பிறகு அவள் ஓர் இரவுகூட வீட்டில் தூங்கவில்லை. என் காலாண்டுத் தேர்வு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பகலுக்கு மட்டும் அவளுக்கு விடுப்புக் கிடைத்தது. சினிமா வேண்டாம், தண்ணீர் பார்க்க வேண்டும் என்றாள். நாங்கள் தாமிரபரணிக் கரையிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

காலை ஆறரைக்குத் திருப்பூரில் பேருந்து. உடுமலைப்பேட்டைக்குப் பல்லடம் வழியாக இரண்டு மணி நேரம், ஆளுக்கு இருபது ரூபாய். பஸ் ஸ்டாண்டு அருகிலேயே மூங்கில் தூண்டில் கிடைக்கிறது. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் குளம். சுற்றிலும் தென்னை, தூரத்தில் காற்றாலைகள்.

"ஏட்டி, ஒரு மீன் மாட்டுச்சுன்னா வார்டன்கிட்ட கேட்டு இன்னைக்கு வீட்ல தங்குதேன். குழம்பு வச்சுச் சாப்பிடுவோம்" என்றாள் அக்கா. அதற்குமேல் நான் காற்றாலைகளைப் பார்க்கவில்லை.

மைதா உருண்டையைக் கோத்துப் போட்டோம். தூண்டில் நரம்பை விரலில் தொட்டபடி இருந்தால் மீன் மோப்பம் பிடிப்பதுகூடத் தெரியும். கடி என்பது வெடுக்கென்ற இழுப்பு அல்ல. ஈரத் துணியில் எறும்பு ஊர்வதுபோல. அக்காவுக்கு அது என்னைவிட முன்னால் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் வெறும் தூண்டில் முள்தான் வந்தது.

குளத்தைக் குத்தகை எடுத்தவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏனுங்க அம்மிணி, மீனுக்கு விருந்து வெக்கவா அத்தன தூரத்துல இருந்து வந்தீங்க?"

"உங்க மீனுக்குப் பசி சாஸ்திங்க" என்றாள் அக்கா.

அப்புறம்தான் அவள் கையைக் கவனித்தேன். மீன் இழுத்ததும் கை அதன் கூடவே முன்னால் போனது. ஏன் என்று கேட்டேன்.

"மெஷின் துணிய இழுக்கும்போது கூடவே போணும் ட்டி. புடிச்சு நிறுத்தினா ஊசி ஒடிஞ்சிரும்."

"இங்க ஊசி ஒடியாதுக்கா. பின்னால சுண்டு."

தெரிந்தும் கை கேட்கவில்லை. கடைசியில் அவள் மணிக்கட்டின்மேல் என் கையை வைத்துக்கொண்டேன். தூண்டில் நரம்பு துடித்தது அவள் தோல் வழியாகவே எனக்குத் தெரிந்தது. இருவரும் சேர்ந்து சுண்டினோம். உள்ளங்கை அளவு ஜிலேபிக் கெண்டை. உள்ளங்கைக்குமேல் ஒரு விரல்கூட இல்லை.

உடுமலை பஸ் ஸ்டாண்டில் ஒரு ரூபாய் போனில் அக்கா வார்டனிடம் பேசினாள். "தங்கச்சி..." என்று தொடங்கினாள். பிறகு "சரிங்க மேடம்" மூன்று முறை. போனை வைத்துவிட்டு, "ஷிப்மென்ட் இருக்காம்" என்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: குத்தகைக்காரரைக் கேட்காமல் தூண்டில் போடாதீர்கள். வெயிலுக்குமுன் போங்கள். கடி தெரிந்த நொடியிலேயே சுண்டுங்கள். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றால் மீன் போய்விடும். உடன் வருபவருக்கு இரவும் சேர்த்து விடுப்புக் கேளுங்கள்.

திருப்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு அப்பா டிவிஎஸ்ஸில் வந்திருந்தார். மாலை ஆறே முக்காலுக்கு அவளை விடுதி வாசலில் விட்டோம். மீன் பையை என்னிடம் தந்து, "அப்பாக்கு முள்ளு எடுத்துக் குடு" என்று உள்ளே போனாள். அப்பா டிவிஎஸ்ஸைக் கிளப்பாமல் நின்றார். மாடி ஜன்னலில் அவள் கையாட்டினாள். மறுநாள் விடியற்காலை ஷிப்ட் என்று, மணி ஏழுகூட ஆகாமல், நாங்கள் நிற்கும்போதே விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.