பங்களாவில் ஊதிய எண்பது பலூன்

நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, பெரிய மனிதர் வருகை என்று எது நடந்தாலும் பலூன் வளைவு கட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் பலூனைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வேன். வேர்க்கடலை மடித்து வந்த பேப்பரிலும் போனிலும் படித்துச் சேர்த்த அறிவு அது. 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் என்னைக் காட்டிச் சொல்வார்கள். என் வாயால் நான் பிழைத்தது உண்மைதான். அதே வாயால் கெட்டது பக்கத்து வீட்டு அக்கா.

அக்காவுக்கு வேலை ஸ்டோரில். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அங்கே தூள் சலிக்கும் அறையில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவர். அவர் இருமினால் லயத்தின் கடைசி வீட்டுக்குக் கேட்கும். படியேறும்போது பாதியில் நின்று, யாரையோ எதிர்பார்ப்பவர் மாதிரி மலையைப் பார்ப்பார். மூச்சு வாங்குவதை மறைக்கும் வித்தை அது. பிள்ளைக் காம்பராவில் குழந்தை பார்க்கும் அம்மாவுக்கு ஓய்வு நெருங்கியிருந்தது. அந்த இடம் தனக்குக் கிடைத்தால் தூளிலிருந்து தப்பிவிடலாம் என்பது மட்டும்தான் அக்காவின் ஆசை. தோட்டத்து மேனேஜர், எங்கள் துரை, ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவரோ, “ஆஸ்பத்திரித் துண்டு கொண்டு வா, பார்ப்போம்” என்று சொல்லியிருந்தார். ஸ்டோரைக் கவனிக்கும் டீமேக்கருக்கு அக்காவை விட மனமில்லை. “இருமாத ஆளு இந்த மலையில யாரு?” என்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

அந்த நேரத்தில்தான் துரையின் மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள் வந்தது. பங்களாவை அலங்கரிக்க என்னைக் கூப்பிட்டார்கள். துணைக்கு ஓர் ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோர் ஓடாது. நல்லது செய்வதாக நினைத்து நான்தான் அக்காவைக் கூப்பிட்டேன்.

“முடிச்சுப் போட்டா போதும்க்கா. கேக் கெடைக்கும். தொரசாணியையும் நேர்ல பாத்துப் பேசலாம்.”

காற்றில் எங்கோ மரம் விழுந்து காலையிலேயே கரண்ட் போய்விட்டது. என் மின்பம்பு பேசாமல் உட்கார்ந்திருந்தது. கைப்பம்பை எடுத்தேன். இரண்டாவது பலூனில் அதன் பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. எண்பது பலூன். மூன்று மணிக்கு விருந்தாளிகள். வேறு வழி? வாயால் ஊதத் தொடங்கினேன். அக்கா முடிச்சுப் போட்டார். இடையிடையே வழக்கம்போலக் கதை சொன்னேன்.

“மொதமொதல்ல பலூன்ல ஏத்துனது மனுசன இல்லக்கா. ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல். மேல போனா மூச்சு நிக்குமா ஓடுமான்னு தெரியல. அதான் அதுங்கள அனுப்பிப் பாத்தாங்க.”

“அப்ப அவங்களுக்கு நம்மளத் தெரியாது போல” என்றார் அக்கா. “உசுரோட வந்துச்சா?”

“வந்துச்சு. சேவலுக்கு மட்டும் றெக்கையில அடி.”

“ஒசரத்துலயா?”

“இல்லக்கா. பக்கத்துல நின்ன ஆடு மிதிச்சிருச்சாம்.”

அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அது அடங்கியதும் சண்டைக்கதைக்குப் போனேன். வெள்ளைக்காரர்களின் பெரிய யுத்தத்தில் பலூனைக் கயிறு கட்டிப் பறக்கவிட்டு, அடியில் தொங்கும் கூடையில் ஒருவனை நிறுத்துவார்கள். எதிரி எங்கே குழி வெட்டுகிறான், எங்கே பீரங்கி வைத்திருக்கிறான் என்று பார்த்து அவன் கீழே போனில் சொல்ல வேண்டும்.

“மலையில நிக்கிற கங்காணி மாதிரின்னு சொல்லு.”

“ஆமாக்கா. ஆனா கூடையில நிக்கிறவன எதிரி சுடுவான். கங்காணிய யாரு சுடுறா?”

“அதான் கவல.”

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது துரையின் மனைவி, நாங்கள் நோனா என்று கூப்பிடும் துரைசாணி, போனோடு வந்தார். முப்பது பலூன்கூட ஆகவில்லை.

“ஐயோ, இவ்வளவுதானா? பிள்ளைங்க வந்திடுவாங்களே. இந்த அம்மா ஊத மாட்டாங்களா?”

'அவங்களுக்கு மூச்சு சரியில்ல நோனா.' இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆட்டுக்கும் சேவலுக்கும் அவ்வளவு பேசிய வாய்க்கு இந்த ஒரு வரி வரவில்லை. துரைசாணி மனம் குளிர்ந்தால் துரையின் பேனா தானாக ஓடும் என்று கணக்குப் போட்டேன்.

“ஊதுவாங்க நோனா” என்றேன். பிறகு அக்காவின் காதில், “ஊதுங்கக்கா. அந்தம்மா மனசு வெச்சா காரியம் ஆயிரும்.”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு சிவப்புப் பலூனை எடுத்தார்.

கன்னம் உப்பி, கண் பிதுங்கி அவர் ஊதியதைப் பார்த்துப் பிறந்தநாள் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. துரைசாணி வீடியோ எடுத்தார். பிள்ளை இன்னொன்று கேட்டது. நானும் திருவிழாக் கடைக்காரன் மாதிரிக் குரலை உயர்த்தினேன்: “ஊதுங்கக்கா, ஊதுங்க! இன்னும் கொஞ்சம் பெருசா!” பிள்ளை கைதட்டியது. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பார்கள். எலிக்குப் பக்கத்தில் நின்று கைதட்டியவனுக்கு என்ன பெயரோ தெரியாது. இருபத்தைந்து பலூனாவது ஊதியிருப்பார். கடைசியில் அவர் உதடு நாவற்பழம் தின்றது போலாகிவிட்டது. அதற்கும் பிள்ளை சிரித்தது.

கேக்கைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். இறங்கி வரும் வழியில் அக்கா மூன்று இடத்தில் உட்கார்ந்தார்.

“நோனா சந்தோசப்பட்டாங்கல்ல?”

“பட்டாங்கக்கா.”

அந்த வாரமே ஆஸ்பத்திரித் துண்டு கிடைத்தது. தூளில் நிற்கக் கூடாது என்று டொக்டர் எழுதியிருந்தார். ஆபீஸ் ஜன்னலுக்கு நானும் கூடப் போனேன். உள்ளே துரையும் டீமேக்கரும் இருந்தார்கள். துரை துண்டைப் படித்தார். பிறகு போனை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினார்.

“மூச்சு இல்லன்னு இதுல இருக்கு. இங்க பாரு.”

சிவப்புப் பலூன் பெருத்துக்கொண்டே போனது. பிள்ளை சிரித்தது. எல்லாவற்றுக்கும் மேலே என் குரல்: “ஊதுங்கக்கா, ஊதுங்க!”

“நாம ஊதுனா நாலாவதுலயே விழுந்துருவோம்” என்றார் டீமேக்கர். “இவங்கள வெச்சு லொறி டயருக்கே காத்தடிக்கலாம்.”

“நான் சொல்லித்தான் ஊதுனாங்க தொரைங்களே, அன்னைக்குக் கரண்ட் இல்ல” என்றேன்.

“இவன் சொன்னா மூச்சு வருதுதானே?” என்றார் துரை. “இப்ப நான் சொல்றேன். ஸ்டோருக்குப் போ.”

திரும்பும் வழியில் அக்கா திட்டவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். “ஒனக்கு நல்ல கொரல் தம்பி. தெளிவா கேக்குது.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. அந்தத் தவளை நியாயமானது. தன் வாயால் தானே கெட்டது.

இரண்டு மாதம் சலித்தார். ஒருநாள் சலிக்கும் மெசினுக்குப் பக்கத்திலேயே விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்றாவது வாரம் அவர் மகள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“மாமா, ஒரு பாக்கெட் பலூன் வேணுமாம். நெஞ்சுக்குப் பயிற்சியாம். தெனமும் ஊதச் சொல்லியிருக்காங்க.”

போரில், கோயில் வாசலில், கல்யாண வீட்டில் என்று பலூனுக்கு எத்தனையோ உபயோகம் தெரிந்தவன் நான். இது தெரியாது. நானே கொண்டுபோனேன். அக்கா பாக்கெட்டைத் துழாவி ஒரு சிவப்பை எடுத்தார்.

“போன் வெச்சிருக்கியா? வீடியோ எடு. தொரகிட்டக் காட்டு. இந்தத் தடவ ஒன் கொரல் வரக் கூடாது. வாய மூடிக்கிட்டு எடு.”

எடுத்தேன். பலூன் ஒரு தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, அளவுக்கு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. காற்று திரும்பி அவர் வாய்க்குள்ளேயே போனது. மறுபடி ஊதினார். மறுபடி தேசிக்காய்.

மறுநாள் ஆபீஸ் ஜன்னலில் போனை நீட்டினேன். பெரிய கிளாக்கர் அதைப் பார்க்கவே இல்லை.

“யாரு, அந்த ஸ்டோர் பொம்பளையா? வேலைக்கு வராத ஆளு பேர வெச்சிருக்க முடியுமா? போன வாரமே வெட்டியாச்சு. பிள்ளைக் காம்பராவுக்கும் ஆளு போட்டாச்சு.”

அன்று மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போய் அதை அப்படியே சொன்னேன்.

“அப்ப தூள விட்டு வெளிய வந்துட்டேன்னு சொல்லு” என்றார் அக்கா.

பிறகு தலையணைக்கு அடியிலிருந்து சிவப்புப் பலூனை எடுத்து வாயில் வைத்தார். அடுத்த கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். நல்ல மனசுக்காரி போல. சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்து அவருக்குத் தைரியம் சொன்னாள்: “ஊதுங்கம்மா, ஊதுங்க. இன்னும் கொஞ்சம் பெருசா.”