பிளேனை நான் பார்க்கிறேன்

போர்க்காலத்தில் திருகோணமலையில் பிளேன் சத்தம் கேட்டால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்போம். எந்த வகை, எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தால்தான் சோறு வடிப்பதா, கட்டிலுக்குக் கீழே போவதா என்று முடிவெடுக்கலாம். அண்ணாவும் அப்படித்தான் பார்த்தார். அப்போது அவர் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றார் என்பதுதான் சிக்கல்.

சீனன்குடா விமானத் தளத்தில் கிளம்பிய பிளேனை அவர் பார்த்து முடிப்பதற்குள் பந்து வலைக்குள் கிடந்தது. அணித் தலைவர் கத்தவில்லை. “இன்னொருக்கா வானம் பாத்தியெண்டால், பிறகு எல்லா ஆட்டத்தையும் வெளியில இருந்து ஆறுதலாப் பாக்கலாம்” என்றார். அடுத்த ஆட்டம் கிண்ணியா அணியுடன். அண்ணா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. எங்கள் வீட்டில் அது பெரிய செய்தி.

நான் அப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அவருடைய குறைகளை வரிசைப்படுத்தினேன்: பக்கத்திலிருந்து வரும் பந்துக்குத் தலையைத் திருப்புகிறார், திருப்பியதும் மற்றப் பக்கத்தை மறந்துவிடுகிறார், பிளேன். முதல் இரண்டுக்கும் பயிற்சி இருந்தது. அவரைக் கதிரையில் இருத்தி, சுவரிலிருந்த ஆணியை மட்டும் பார்க்கச் சொல்லிவிட்டு, காதுப் பக்கமிருந்து ஒவ்வொரு பொருளாக மெதுவாக முன்னே கொண்டுவருவேன். கண்ணை அசைக்காமல் அது என்னவென்று சொல்ல வேண்டும்.

“வெங்காயம்.”

“மணத்தில சொல்றீங்கள்.”

“கீப்பருக்கு மூக்கும் வேணும், இஞ்சினியர் அம்மா.”

மணமில்லாத பல நிற வயர்த் துண்டுகளுக்கு மாறினேன். அவருக்கு அசைவு முதலில் தெரிந்தது. நிறம் பிந்தித்தான் தெரிந்தது. அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். “பொம்பிளை பாக்கப் போற இடத்திலயும் இவன் ஆணியைத்தான் பாத்துக்கொண்டு இருக்கப்போறான்.”

பிறகு வெளியே வளவுக்கு இறங்கினோம். நான் பந்தை எறிந்தபடி மற்றக் கையில் விரல்களைக் காட்டுவேன். அவர் பந்தையும் பிடித்து விரல்களையும் எண்ண வேண்டும். நன்றாகவே தேறினார். ஆனால் வீட்டுக்குள் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள் பிளேன் போனது. தலை தானாக மேலே போனது.

“ஓட்டுக்கு மேலால என்ன தெரியுது?”

“எனக்கு ஏலாதடி. என்ன பிளேனெண்டு தெரியாட்டி மனம் பந்தில நிக்காது.”

இதற்குக் கண் பயிற்சி உதவாது என்று அப்போதுதான் விளங்கியது. “பிளேனை நான் பாக்கிறன், நீங்கள் பந்தைப் பாருங்கோ. ஓட வேண்டியதெண்டால் கூப்பிடுவன்” என்றேன்.

“கட்டாயம் கூப்பிடுவியோ?”

“ஓம்.”

ஆட்டத்தன்று கோலுக்குப் பின்னால் நின்றேன். நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். முடியும் நேரத்தில் கிண்ணியாக்காரர் மூலையிலிருந்து பந்தை உதைக்க, பிளேன் சத்தம் வந்தது. பார்க்க வந்தவர்களும் நடுவரும் அண்ணாந்தார்கள். நானும் என் கடமையைச் செய்தேன். தலையைக் கீழே இறக்கியபோது அண்ணா பந்தைக் கட்டிப்பிடித்தபடி மண்ணில் கிடந்தார். அணித் தலைவர் அவர் முதுகில் அடித்து அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஊதல் ஊதியதும் நேராக என்னிடம்தான் வந்தார்.

“பாத்தனியே? இடப்பக்கத்தால வந்தது. தலையைத் திருப்பவே இல்லை!”

“நான் பிளேனைப் பாத்தனான்.”



“என்ன பிளேன்?”

“சாமான் ஏத்திறது. கொழும்புப் பக்கம் போகுது.”

“அப்ப சரி” என்று கையுறையைக் கழற்றினார்.