நோர்மண்டி வீட்டின் மேல்மாடி

போனவர்கள்: நான், மனைவி ரீத்தா, மகள் நிரோஷா. பாரிஸில் காரோடு வந்து சேர்ந்தவர் ரீத்தாவின் தம்பி அன்ரன். நாலு பேர்.

2006 ஆடி, வியாழன். காலை ஐந்து மணிக்கு ஒஸ்லோப் புறநகர் ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீட்டில் இருந்து வெளிக்கிட்டோம். ஒஸ்லோவில் இருந்து பாரிஸுக்கு விமானம் இரண்டரை மணித்தியாலம். ஒருவருக்கு 890 நோர்வே குரோனர். பிறகு நோர்மண்டிப் பக்கம் 160 கிலோமீற்றர். வழியெல்லாம் ஆப்பிள் தோட்டம், மாடு. அங்கே ஒரு பழைய மாளிகையில் சனிக்கிழமை மகளின் கலியாண விருந்து. அன்ரன் பிடித்துத் தந்த இடம். நாங்கள் முன்பு பார்த்ததில்லை.

மதியம் ஒன்றரை. வீடு நல்ல வடிவு. நானூறு வருசத்துக்கு மேலாம். கீழ்ச்சுவர் கல். மேலே கறுத்த ஓக் மரச் சட்டங்கள், இடையில் வைக்கோல் கலந்த களிமண். மூலையில் வட்டக் கோபுரம். படி அதற்குள். படிக்கற்கள் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தன. கட்டியவர் துணி வியாபாரி. பிறகு வந்தவர்கள் ஆப்பிள் மது செய்தார்கள். மாளிகையின் சொந்தக்காரியான வீட்டுக்காரி பிரெஞ்சில் சொல்ல, அன்ரன் தமிழில் சொன்னார்.

மேல்மாடியில் பெரிய மண்டபம். ஆள் நிற்கக்கூடிய, விறகு எரிக்கிற கணப்பு. நிரோஷா அதன் முன்னே நின்றுவிட்டாள். "அப்பா, இஞ்சைதான் பொம்பிளை மாப்பிளை இருக்கிறது."

"எத்தனை பேர்?" என்று வீட்டுக்காரி கேட்டார். மேல்மாடி எண்பது பேரைத்தான் தாங்குமாம்.

அன்ரன் என்னைப் பார்த்தார். நான் ரீத்தாவைப் பார்த்தேன்.

"கார்ட்டில குடும்பத்தோட எண்டுதானே அடிச்சது," என்றாள் ரீத்தா. "கலியாணத்துக்கு எண்ணிக் கூப்பிடுறதோ?"

"இருநூறு வரும் அக்கா. கூடவும் வரும்."

"மிச்ச ஆக்களுக்கு ஃபோன் எடுத்து வேண்டாம் எண்டு சொல்லுவம்," என்றாள் நிரோஷா.

"ஆர் சொல்லுறது, நீயோ? பெரியப்பா ஜெர்மனியில இருந்து ஒரு வான் நிறைய ஆக்களோட வெளிக்கிட்டாச்சு," என்றாள் ரீத்தா.

ஒஸ்லோவில் பழைய மரவீடு திருத்துவது என் வேலை. கீழே போய் விட்டங்களைப் பார்த்தேன். விரல் போகும் வெடிப்பு. தட்டினேன். ஒன்று உள்ளே உளுத்த வெற்றுச் சத்தம் போட்டது. வீட்டுக்காரி சொன்னது சரி.

"அத்தான், கொஞ்சம் கூட ஏத்தினால் என்ன?" என்றார் அன்ரன்.

"எங்கட சனம் சும்மா இருக்காது. ஆடும்."

முற்றத்துக்கு எதிரே நீளக் கொட்டகை. ஆப்பிள் பிழிந்த இடம். கல் பாவிய தரை. இது எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்டேன். வீட்டுக்காரி சிரித்தார். குதிரையும் வண்டியும் ஓடிய தரையாம்.

நிரோஷாவின் முகம் கறுத்தது. "கொட்டிலுக்குள்ளயோ என்ர கலியாணம்?"

"மேல படம் எடு. கீழ ஆடு," என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "சரி. ஆனால் பெரியப்பாவை மட்டும் மேல ஏத்தாதேங்கோ. அவர் ஒராளே நாலு பேற்ற பாரம்."

வெள்ளி முழுக்கக் கழுவினோம், வெள்ளைச் சீலை கட்டினோம். சனி இரவு மகள் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினாள்.

ஞாயிறு காலை வெளிக்கிட்டோம். எங்கள் ஹவுகன்ஸ்டுவா கொங்கிரீற் அடுக்குமாடியில் பாட்டுச் சத்தம் கொஞ்சம் கூடினாலே கீழ்வீட்டுக்காரர் தட்டுவார். இங்கே ஒருவரும் தட்டவில்லை. மேல்மாடியும் அப்படியே நிற்கிறது.

வெளிக்கிட முன் சாப்பிட்ட தட்டுகளை அன்ரன் எண்ணினார். இருநூற்று நாற்பத்தேழு.