சம்பளமில்லாத ஞாயிறுகள்

போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று ஜெபமலர் வீட்டில் சொன்னபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கணவன் வேதமாணிக்கம் வீடுகளின் தரைக்கு டைல் ஓடு பதிக்கிறவன். மகள் பிரேமா ஐந்தாம் வகுப்பு. கரமனையில் ஆற்றுக்கு இறங்கும் சந்தில் இரண்டு அறை வீடு.

ஜெபமலர் தம்பானூரில் ஒரு கலர் லேபில் வேலை பார்த்தாள். படம் கழுவும் மெஷின் ஏசி அறைக்குள் இருந்தது. அதை ஓட்ட இரண்டு ஆண்கள். அவளுக்கு வெளியே, கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரியும் ஒரு மேசை. நெகடிவை நாலு நாலு படமாக நறுக்கி உறையில் போட வேண்டும். பிரிண்டுகளைச் சரிபார்த்து, எண் எழுதி, கவரில் வைத்து ஒட்ட வேண்டும். ஆறு வருஷமாக அதுதான் வேலை. ஊரில் யார் வீட்டுக் கல்யாணமும், யார் வீட்டுப் பேர்சூட்டும் அவள் கை வழியாகத்தான் போயின.

முதலில் சேலையும் நகையும் பார்த்தாள். பிறகு முகங்களைப் பார்த்தாள். நாலைந்து வருஷம் போனபின் ஒவ்வொரு படத்திலும், எடுத்தவன் எங்கே நின்றிருப்பான் என்று பார்க்க ஆரம்பித்தாள். இரண்டடி தள்ளி நின்றிருந்தால் அந்தத் தூண் பெண்ணின் தலைக்குமேல் முளைத்திருக்காது. கொஞ்சம் குனிந்திருந்தால் மாப்பிள்ளையின் தாடை இவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்காது. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தாள்.

முதலில் சொன்னது கல்யாணராமனிடம். கரமனை அக்ரஹாரத்துப் பையன், இருபத்தொன்பது வயது. பேங்க் பரீட்சையை விட்டுவிட்டு ஜங்ஷனில் ஸ்டுடியோ வைத்திருந்தான். திங்கட்கிழமைதோறும் முந்தின நாள் கல்யாண ரோல்களோடு லேபுக்கு வருவான். ஒரு திங்கட்கிழமை பிரிண்டுகளை வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தவனிடம் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"சார், இந்தப் பெண்ணுக்க இடப்பக்கம் ஜன்னல் உண்டும் இல்லியா? இந்த ஒரு படம் ஃப்ளாஷ் இல்லாம எடுத்திருந்தியன்னா நல்லா இருந்திருக்கும்."

கல்யாணராமன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். மூக்கின் நிழல் சுவரில் கறுப்பாக விழுந்திருந்தது.

"சேச்சி போட்டோ எடுப்பேளா?"

"இல்ல. காமிரா கையில பிடிச்சதே இல்ல."

அடுத்த வாரம் அவள் நேராகவே கேட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கூட வரட்டுமா, சாமான் தூக்கித் தருகிறேன் என்று.

"ஒரு ஆளை வெச்சுச் சம்பளம் கொடுக்கற நெலமையில நான் இல்லை, கேட்டேளா."

"ஒண்ணும் தரண்டாம். சும்மா வாறேன்."

வீட்டில் வேதமாணிக்கத்துக்கு இது பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவதை விட்டுவிட்டு, கண்டவன் கல்யாணத்தில் லைட் தூக்கப் போவதா?

"சம்பளம் இல்லாம ஆராவது வேலைக்குப் போவினுமா?" என்று கேட்டான்.

"நீரு ஓடு பதிக்கப் படிச்சப்ப ஆறு மாசம் சும்மா சிமென்டு குழைச்சீரே?"

"அது வேற."

"எப்பிடி வேற?"

வேதமாணிக்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான். "சாயங்கால ஆராதனைக்காவது வந்திரணும்" என்றான்.

அப்படி 1998 ஓணம் கழிந்த சீசனில் அவள் போகத் தொடங்கினாள். ஃப்ளாஷைக் கையுயர்த்திப் பிடிப்பது, குடைவிளக்கை நிறுத்துவது, பாட்டரி மாற்றுவது, தீர்ந்த ரோலைக் கழற்றிப் புதியதை மாட்டுவது அவள் வேலை. ஒரு கையில் ஃப்ளாஷை ஒரு மணி நேரம் தலைக்குமேல் பிடித்தால் ராத்திரி அந்தக் கையால் தலை வார முடியாது. கல்யாண வீடுகளில் அவளைப் பலர் பெண்ணுக்குத் தலை அலங்காரம் செய்ய வந்தவளென்று நினைத்தார்கள். பாலராமபுரத்தில் ஒருத்தி கைக்குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டாள். அவள் இடுப்பில் குழந்தையும் கையில் ஃப்ளாஷுமாக நின்று தாலிகட்டு முழுவதையும் முடித்தாள்.

கல்யாணராமன் மோசமானவன் இல்லை. ஆனால் சொல்லிக்கொடுக்கிற ஆளும் இல்லை. கேட்டால், "பாத்துண்டே இருங்கோ" என்பான். அவளும் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு மாதம் கழிந்து பழைய காமிரா ஒன்றை, ஃபிலிம் இல்லாமல், வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுத்தான். காலி காமிராவால் அவள் வேதமாணிக்கத்தை எடுத்தாள். அவன் தலைசீவிக்கொண்டு வந்து நின்றான். ஐந்தாறு தடவை எடுத்தபின், "படம் எப்பக் கிட்டும்?" என்று கேட்டான். உள்ளே ஒன்றும் இல்லை என்று சொன்னதும் இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

பிப்ரவரியில் பொன்முடிப் பாதையில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து கல்யாணராமனுக்கு ஒரு வேலை வந்தது. தொழிலாளிகளுக்கு அடையாள அட்டை போடுகிறார்கள். நூற்றெட்டு பேர். ஆளுக்கு ஒரு படம். மூன்று ரோல். வெள்ளிக்கிழமைக்குள் பிரிண்டுகள் ஆபீஸுக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வித்துரா போய், அங்கிருந்து ஜீப் பிடித்து வளைவு வளைவாக ஏறினார்கள். ஆள் கணக்கெடுக்கும் கொட்டகையின் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ஒவ்வொருவராக உட்கார வைத்து, மார்புக்கு நேரே சிலேட்டில் எண் எழுதிப் பிடிக்கச் சொல்லி, கல்யாணராமன் மளமளவென்று எடுத்தான். சாயங்காலம் அவனுக்கு நகரத்தில் ஒரு ரிசப்ஷன் இருந்தது. மலையில் பனிமூட்டமாக மஞ்சு இறங்கத் தொடங்கியிருந்தது. ஜீப்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது ரோல் முடிந்ததும் காமிராவை அவளிடம் நீட்டினான். தீர்ந்த ஃபிலிமை, மேலே இருக்கும் சின்னக் கைப்பிடியைச் சுற்றி அதன் டப்பாவுக்குள் திருப்பிச் சுருட்ட வேண்டும். முப்பத்தாறு படமும் ஓடிய ஃபிலிம் கைக்குக் கனமாக இருக்கும். சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இது இரண்டு சுற்றில் லேசாக வந்துவிட்டது.

ஜெபமலர் சுற்றுவதை நிறுத்தினாள். மாட்டும்போது ஃபிலிமின் நுனி உள்ளே இருக்கும் பல்சக்கரத்தில் சரியாகச் சிக்காமல் போனால், காமிரா படம் எடுத்துக்கொண்டே இருக்கும், ஃபிலிம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் எண் காட்டும் சின்ன ஜன்னலில் முப்பத்தாறு என்றுதான் இருந்தது. அதையே பிடித்துக்கொண்டாள். எண் ஓடியிருக்கிறதே, ஃபிலிமும் ஓடியிருக்கும்.

"சேச்சி, வேகம்!" என்றான் கல்யாணராமன்.

அவள் மூன்றாவது ரோலை மாட்டிக் கொடுத்தாள். அதை இரண்டு தடவை சரிபார்த்தாள். முன்னதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மலையிறங்கும் வழி முழுக்க அந்த டப்பாவை மடிமேல் பையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்து வாயெடுத்து நிறுத்தினாள். வித்துரா வந்துவிட்டது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மெஷினிலிருந்து அந்த ரோல் வந்தது. விளக்கு மேசைமேல் விரித்தாள். நீளம் முழுக்கப் பழுப்பு நிறம். ஒரு முகம் இல்லை.

லேபில் மாதம் ஒரு ரோலாவது மெஷினில் சிக்கிப் பாழாகும். அப்போது கவர்மேல் ஒரு குறிப்பு எழுதி ஒட்டுவார்கள். அதை எழுதுகிறவளும் அவள்தான். எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை. பேனாவைக்கூட எடுத்தாள். ஏசி அறைக்குள் மெஷின் ஓட்டுகிறவன் தன் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பழி அவன்மேல்தான் விழும். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

சாயங்காலம் ஸ்டுடியோவுக்குப் போய் வெறும் நெகடிவை மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டாவது ரோல், சார். நான் சரியா மாட்டல்ல. ஃபிலிம் ஓடல்ல."

கல்யாணராமன் அதை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "எப்போ தெரிஞ்சது?"

"மலை மேல வெச்சே சந்தேகம் வந்துது. சுத்தினப்ப கனமே இல்ல."

"அங்கயே சொல்லியிருந்தா கால் மணி நேரத்துல திருப்பி எடுத்திருப்பேனே! ஏன் சொல்லலை?"

"இனி வரண்டாம்னு சொல்லிருவியன்னு பயந்தேன்."

"அதைத்தான் இப்பவும் சொல்லப் போறேன்" என்றான். குரல் உயரவில்லை, அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. பிறகு அவனே, "மெஷின் தின்னுடுத்துன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்" என்றான்.

"ஆமா, நம்பியிருப்பிய."

வெளியே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் எழுந்து போகவில்லை.

"வரண்டாம்னா வரல்ல, சார். ஆனா அந்த முப்பத்தாறு பேரையும் எடுத்துத் தந்திட்டு நின்னுக்கிடுதேன். வியாழன்வரை உங்களுக்கு நாள்தோறும் கல்யாணம். நீங்க போக முடியாது."

கல்யாணராமன் எழுந்தான். அலமாரியைத் திறந்து காமிராவை எடுத்தான். அதோடு ஒரு பழைய ரோலையும். "மாட்டுங்கோ" என்றான். மாட்டினாள். "கழட்டுங்கோ. மறுபடியும்." பதினைந்து தடவையாவது இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அந்தச் சின்னக் கைப்பிடி தானாகத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும், திரும்பினால் ஃபிலிம் ஓடுகிறது என்று அர்த்தம். இதை அன்றைக்குத்தான் அவன் வாய்விட்டுச் சொன்னான். இரண்டு புது ரோல்கள் கொடுத்தான்.

புதன்கிழமை லேபில் லீவு சொல்லிவிட்டு விடியற்காலை பஸ்ஸில் தனியாகப் போனாள். மடித்த பெட்ஷீட் ஒன்றும் பையில் இருந்தது. வேலை நாள் என்பதால் எல்லோரும் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் யாரையும் விட முடியாது, மத்தியானம் கொழுந்து நிறுக்க வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். மூன்று மணி நேரம் அவள் அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து, பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்தாள்.

முதலில் வந்தவள் செண்பகவல்லி. ஐம்பது வயதிருக்கும். முதுகுக் கூடையை இறக்கிவிட்டு, இடுப்பில் கட்டிய சாக்கை அவிழ்க்காமலே கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம எடுத்தாச்சே, தாயி. திரும்ப எதுக்கு?"

ஜெபமலர் வழியெல்லாம் ஒரு பதிலைத் தயாரித்து வைத்திருந்தாள். அது வாயில் வரவில்லை. "நான் ஃபிலிமைச் சரியா மாட்டல்லக்கா. உங்க முப்பத்தாறு பேருக்க படமும் விழல்ல. என் தப்பாக்கும்."

 செண்பகவல்லி பின்னால் வந்தவர்களைத் திரும்பிப் பார்த்துக் கத்தினாள். "ஏ, நம்ம மொகம் விழலியாம்டீ!"

பெரிய சிரிப்பு எழுந்தது. ஒருத்தி அன்றைக்குத் தனக்குத் தும்மல் வந்ததென்றும், விழாதது நல்லதுதான் என்றும் சொன்னாள். இன்னொருத்தி முகம் கழுவிவர ஓடினாள். கொழுந்து நிறுக்கும் வேல்சாமி பெட்ஷீட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மறுமுனையை ஆணியில் மாட்டினார்கள். மஞ்சு வழியாக வந்த வெயில் எல்லா இடத்திலும் ஒரேபோல் விழுந்தது. ஃப்ளாஷ் வேண்டியிருக்கவில்லை.

உட்கார்ந்ததும் எல்லோருக்கும் முகம் இறுகியது. அவள் ஒவ்வொருவரிடமும் ஏதாவது கேட்டாள். பிள்ளைகள் எத்தனை, அப்பாவுக்கு எந்த ஊர், திருநெல்வேலிப் பக்கம் இப்போதும் போக்குவரத்து உண்டா என்று. பதில் சொல்லி முடித்து வாய் மூடும் நேரத்தில் அழுத்தினாள். ஒவ்வொரு தடவையும் கைப்பிடி திரும்புகிறதா என்று பார்த்தாள்.

முப்பத்தைந்து ஆனது. பட்டியலில் கோலப்பன் என்று ஒரு பெயர் பாக்கி. காய்ச்சலில் லயத்தில் படுத்திருக்கிறார் என்றார்கள். செண்பகவல்லி முன்னே நடக்க, ஜெபமலர் சரிவேறிப் போனாள். ஒரே வரிசையில் கட்டிய வீடுகளில் கடைசி வீடு. கோலப்பன் எழுந்து வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்து, மனைவி கொண்டுவந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, கழுத்துப் பட்டன்வரை மாட்டிக்கொண்டார். சிலேட்டைப் பிடிக்கக் கை நடுங்கியது. ஜெபமலர் அவசரப்படவில்லை. கை நிற்கும்வரை காத்திருந்து எடுத்தாள். பிறகு கைப்பிடியைச் சுற்றினாள். கனமாக, நீளமாக வந்தது.

கல்யாணராமன் கொடுத்த புது ரோல்களில் இன்னொன்று அப்படியே இருந்தது. திரும்பி வரும் வழியில் செண்பகவல்லி, "எண்ணு இல்லாம எங்க வீட்டு ஆளுகள ஒண்ணு எடுக்க முடியுமா?" என்று கேட்டாள். அது கல்யாணராமனின் ஃபிலிம். ஜெபமலர் எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகும்போது பதினான்கு படம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை எல்லா பிரிண்டுகளையும் ஸ்டுடியோவில் பரப்பினாள். மீதி ரோலில் எடுத்த பதினான்கு படங்களின் கதையையும் சொன்னாள். கல்யாணராமன் தான் எடுத்த எழுபத்திரண்டையும் அவள் எடுத்த முப்பத்தாறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அவன் எடுத்த படங்களில் ஆட்கள் சிலேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் எடுத்தவற்றில் அவர்கள் யாரோடோ பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. எண் வரிசையில் அடுக்கிக் கவரில் போட்டான். கோலப்பனின் படத்தை மட்டும் கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியாக உள்ளே வைத்தான்.

"ஞாயித்துக்கெழமை நெய்யாற்றின்கரை. ஏழு மணிக்கு வந்துடுங்கோ."

 ஜெபமலர் சொன்னாள். "வாறேன், சார். இனி சும்மா வர மாட்டேன்."

அவன் தலை நிமிர்ந்தான். முகத்தில் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"நியாயந்தான்" என்றான்.

அன்றிலிருந்து அவளுக்குச் சம்பளமும், மணப்பெண் அறைக்கு ஒரு காமிராவும் கிடைத்தன. கல்யாணராமன் நுழைய முடியாத அந்த அறைகளில் அவள் எடுத்த படங்கள் ஆல்பத்தின் முதல் பக்கங்களாயின. ஆல்பத்தில் ஸ்டுடியோவின் பெயர்தான் இருந்தது. அதில் அவளுக்கு வருத்தமிருந்தது, சொன்னதில்லை. தோட்டத்துக்காரர்கள் மட்டும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். வித்துராவில் செண்பகவல்லியின் மகள் கல்யாணத்துக்கு 2001இல் அவள் தனியாகப் போனாள். அதைப் பார்த்து இன்னொரு வீடு, பிறகு இன்னொன்று.

2004இல் லேபை விட்டாள். டிஜிட்டல் வந்து அங்கே ஏற்கெனவே வேலை குறைந்திருந்தது. நேமத்தில் பலசரக்குக் கடைக்கு மேலே ஓர் அறையை ஸ்டுடியோவுக்காக வாடகைக்குப் பிடித்தாள். தரைக்கு வேதமாணிக்கமே ஓடு பதித்தான். பளபளப்பு இல்லாத சாம்பல் நிறம், வெளிச்சம் தெறிக்கக் கூடாது என்று அவள் கேட்டு வாங்கியது. திறந்த அன்று கல்யாணராமன் தன் அப்பா சாம்பசிவனைக் கூட்டிக்கொண்டு வந்தான். பென்ஷன் புத்தகத்துக்குப் படம் வேண்டுமாம்.

"நம்ம ஸ்டுடியோவிலேயே எடுத்துக்கலாமேன்னு சொன்னேன்" என்றார் பெரியவர். "இவன் கேக்கலை."

கல்யாணராமன் ஓரமாக நின்றான். ஜெபமலர் பெரியவரை ஸ்டூலில் உட்கார வைத்து, கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு, காலையில் என்ன பலகாரம் என்று கேட்டாள். அவர் அடையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லி முடித்து வாய் மூடும் நேரத்துக்காக அவள் பட்டனில் விரலை வைத்துக் காத்திருந்தாள்.