தேர் அன்று போட்ட கராஜ் சேல்

கராஜ் சேலுக்கு நல்ல நாள் பார்க்க வேண்டும் என்பார்கள். நானும் பார்த்தேன். கோயில் தேர்த் திருவிழா அன்றுதான் என்று முடிவு செய்தேன். மொன்றியல் தமிழர்கள் எல்லோரும் காலையிலேயே வடம் பிடிக்கப் போய்விடுவார்கள். தெரிந்த முகம் ஒன்றும் எங்கள் தெருப்பக்கம் வராது. எனக்கு வேண்டியது அதுதான்.

2009 ஆடி மாதம் அது. கணவர் வேலை செய்த தொழிற்சாலையை மூடி எட்டு மாதமாகியிருந்தது. கடன் கட்ட முடியாமல், கார்ட்டியர்வில் பகுதியில் இருந்த எங்கள் வீட்டை வங்கி எடுக்கப்போகிறது. மாத முடிவில் ஒற்றை அறை அப்பார்ட்மெண்டுக்குப் போக வேண்டும். ஒருத்தருக்கும் நாங்கள் சொல்லவில்லை. புதுவீடு குடிபூரலுக்கு இருநூறு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்ட வீடு. விஷயம் தெரிந்தால் எங்கள் சனம் 'ஐயோ பாவம்' என்று சொல்லும், சொன்ன கையோடு அடுத்த வீட்டுக்குப் போன் எடுக்கும். செத்தாலும் அந்த 'ஐயோ பாவம்' என் காதில் விழக்கூடாது.

ஒரு கிழமையாக, கராஜில் பரப்பி விற்க வேண்டிய சாமான்களைப் பிரித்தேன். பரிசாக வந்த எவர்சில்வர் பாத்திரங்களில் கொடுத்தவர்களின் பெயர் பொறித்திருந்தது. சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. பெயர் தெரியாதபடி எல்லாவற்றையும் திருப்பி வைத்தேன். கணவர் பிரெஞ்சில் ஓர் அறிவிப்பு அட்டை எழுதித் தெருமுனை டெப்பனர் கடை வாசலில் ஒட்டிவிட்டு வந்தார்.

வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. பத்து மணிக்குள் சோபா போய்விட்டது. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என் தோசைக்கல்லைப் பூச்சட்டிக்குக் கீழே வைக்க வாங்கினார். வயிறு எரிந்தது. மெர்சி என்று நன்றி சொன்னேன்.

பதினொரு மணிபோல அடுத்த தெருவில் இருப்பவள் வந்து நின்றாள். என்னைவிட இளையவள், ஒரு காலத்தில் தினமும் என்னோடு கதைத்தவள். தேர் அன்று இவளுக்கு இங்கே என்ன வேலை என்று கோபம்தான் முதலில் வந்தது.

"நீர் கோயிலுக்குப் போகேல்லையே?"

"எங்களுக்குத் துடக்கெல்லோ, அக்கா."

சாவு நடந்த வீட்டார் துடக்குக் கழியும்வரை கோயிலுக்குப் போவதில்லை. சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அந்த வருடம் எத்தனை வீடுகளில் துடக்கு இருக்கும் என்று, நாள் பார்த்த எனக்குத்தான் தோன்றவில்லை.

"என்ர மனுசன்ர தம்பியாக்கள். வன்னியில, கடைசிச் சண்டையில. வைகாசியில நடந்தது, போன கிழமைதான் அறிஞ்சனாங்கள். உங்களுக்கும் சொல்ல நாலைஞ்சு தரம் போன் எடுத்தனான்."

எடுத்தாள்தான். அவளுடைய நம்பரைப் பார்த்துவிட்டு, வீட்டைப் பற்றித் துருவித் துருவி விடுப்புக் கேட்கத்தான் எடுக்கிறாள் என்று நான் தூக்காமல் விட்டிருந்தேன்.

அவள் பாத்திரங்களைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த படச் சட்டங்களைக் கையில் எடுத்தாள்.

"அக்கா, ஒரே அளவில நாலு இருக்கோ?"

"நாலோ?"

"ஓம். தம்பி, பெண்சாதி, ரெண்டு பிள்ளையள்."

மூன்றுதான் இருந்தன. உள்ளே போனேன். சுவரில் அதே அளவில் எங்கள் கல்யாணப் படம் தொங்கியது. படத்தை உருவி எடுத்துவிட்டு, வெறும் சட்டத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன்.

"வைச்சிருங்கோ அக்கா, உங்களுக்கும் இப்ப தேவையெல்லோ" என்று காசை மேசையில் வைத்தாள். பிறகு கராஜ் முழுக்க ஒருமுறை பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கிட்ட வந்து என் கையைப் பிடித்தாள்.

"பயப்பிடாதேங்கோ. நான் ஒருத்தரிட்டையும் கதைக்கமாட்டன்."

"மெய்யாத்தானே?" என்று கேட்டேன். தலையாட்டினாள். நாலு சட்டங்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள். பெரிய நிம்மதியாக இருந்தது எனக்கு. அவள் மூலை திரும்பி மறைந்த பிறகுதான், செத்த அந்த நாலு பேரைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பது உறைத்தது.