மேலிருந்து இறக்கிய முள்

எங்கள் மெஷின் ஷாப்பில், மெஷின்களின் எண்ணெய் அழுத்தத்தைப் பார்க்கும் ஹைட்ராலிக் ஃபிட்டருக்குக் ‘கால் சுத்து’ என்றுதான் பெயர். எந்தத் திருகையும் கால் கால் சுற்றாகத்தான் திருப்புவார்; டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டால்கூட, “இன்னும் ஒரு கால் சுத்து” என்பார். இருபத்தாறு வருடம் எண்ணெய்த் தரையில் மண்டியிட்டதில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். இந்த வாரம் உத்தரவு வரவேண்டும்.

அன்று காலை நான்காம் மெஷினில் பதினோரு மூடிகளில் ஓட்டை கோணலாக விழுந்தது. சூப்பர்வைசர் ஆபரேட்டர் பெண்ணிடம் கத்திக்கொண்டிருந்தார்.

“நாளையிலேர்ந்து பேக்கிங்குக்குப் போ.”

“எப்பவும்போலதான் சார் வச்சேன்.”

“அப்ப மூடி தானா எழுந்து நடந்துச்சா?”

கால் சுத்து வந்து மெஷினின் வால்வில் அழுத்த மீட்டரை மாட்டினார். பம்ப்பின் அழுத்தம் முழுதாகப் போனால் மூடி நசுங்கிவிடும். அதைக் குறைத்து, மூடியைப் பிடிக்கும் மெஷின் கைக்கு நாற்பது மட்டும் அனுப்பத்தான் அந்த வால்வு. முள் இருபத்தைந்தில் நின்றது. பிடி தளர்ந்து மூடி நழுவியிருக்கிறது.

முந்தின நாள் ஷிப்ட் முடிகிற நேரத்தில், அறுபதில் இருந்ததை இறக்கியவர் அவர்தான். கை மூடியிருக்கும்போது உள்ளே அடைபட்ட எண்ணெய் சட்டென்று இறங்காது. வால்வின் திருகு எவ்வளவோ தளர்ந்த பிறகும் முள் மேலேயே நின்று பொய் சொல்லும். நன்றாகக் கீழே இறக்கி, கையைத் திறந்து மூடி, கீழிருந்து ஏற்றித்தான் பூட்ட வேண்டும். அவருக்குத் தெரியாததல்ல. கால் கெஞ்சியது. முள் மெல்ல வழிந்து நாற்பதைத் தொட்டதும் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

“என்னய்யா, வால்வு சரியா இருக்குல்ல?” என்றார் சூப்பர்வைசர்.

தலையாட்டினால் போதும். ஸ்டோர் நாற்காலி கிடைத்துவிடும்.

“இல்ல சார். நேத்து நான் வச்சது தப்பு. அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல.”

“யோவ், உன் ஃபைல் என் மேசைல இருக்கு. யோசிச்சுப் பேசு.”

“யோசிச்சா பேச மாட்டேன் சார். எழுதிக்குங்க.”

“எழுதினா ஸ்டோர் கிடையாது. அடுத்த வருஷம்தான்.” அவர் பதிலுக்கு நிற்காமல் போனார்.

“காலையிலேர்ந்து திட்டு வாங்கறேன். இப்பதான் உங்களுக்கு வாய் வந்துச்சாண்ணே?” என்றாள் அந்தப் பெண்.

“மன்னிச்சுக்கம்மா. அலுப்புல செஞ்சுட்டேன்.”

அவர் மெஷினைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக மடக்கி உட்கார்ந்தார். திருகைக் கீழே இறக்கி, கையை ஒருமுறை திறந்து மூடச் சொல்லி, மெல்ல ஏற்றினார். முப்பது. முப்பத்தெட்டு. நாற்பது.

“கையைத் திறம்மா.”

திறந்தாள்.

“மூடு.”

மூடினாள். முள் நாற்பதுக்கு வந்து நின்றது.

“சரியாத்தானே இருக்கு? எழுந்திருங்கண்ணே.”

“இன்னொரு தடவை திற.”